நூற்றுப் பதினாறாம் அளவு

என்னிடம் மூன்று புகைப்படங்கள் இருக்கின்றன. மூன்றிலும் என் மகள் ஒரே வெள்ளைச் சுவரின் முன்னால் நிற்கிறாள். கைகள் உடம்பிலிருந்து சற்று விலகியிருக்கும். பார்வை நேராக இருக்கும். சிரிப்பு இருக்காது. அப்படி நிற்கச் சொல்லிக்கொடுத்தவன் நான்தான். முதல் படத்தில் கோடிட்ட டீ சர்ட், இரண்டாவதில் இரவு உடை, மூன்றாவதில் தொப்பி வைத்துத் தைத்த, கம்பளி போன்ற ஃப்ளீஸ் சட்டை. முதல் படத்துக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் இரண்டு வருடம் ஓடியிருக்கிறது. உடுப்புகள் மாறியிருக்கின்றன. குழந்தை மட்டும் அப்படியே இருக்கிறாள்.

அருள்புரத்தில் குழந்தைகள் உடுப்பு ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனியில் சாம்பிள் பிரிவைப் பார்த்துக்கொள்வது என் வேலை. படித்தது விலங்கியல். படித்ததற்கும் செய்யும் வேலைக்கும் சம்பந்தமில்லாதவர்கள்தான் இந்த ஊரில் பாதிப்பேர் என்பதால் நான் அதைப் பற்றி வருத்தப்பட்டதே இல்லை. கழுத்தில் எப்போதும் ஒரு டேப் தொங்கும். தோள் முதல் மணிக்கட்டு வரை, கழுத்து முதல் இடுப்பு வரை, எந்தத் துணியையும் கண்ணால் பார்த்தே அரை சென்டிமீட்டர் பிசகைச் சொல்லிவிடுவேன் என்று பெயர் வாங்கியிருந்தேன்.

வெளிநாட்டுக் குழந்தை உடுப்புகளில் உயரம்தான் அளவு. 116 என்று லேபிளில் இருந்தால், நூற்றுப் பதினாறு சென்டிமீட்டர் உயரமுள்ள குழந்தைக்கு என்று அர்த்தம். ஏறக்குறைய ஆறு வயது. புதிதாக எந்த மாடல் வந்தாலும் முதல் சாம்பிளை நாங்கள் அந்த அளவில்தான் தைப்போம். அதை ஒரு நிஜக் குழந்தைக்குப் போட்டு, முன்னால், பின்னால், பக்கவாட்டில் படமெடுத்து, ஆர்டர் கொடுத்த வெளிநாட்டு பையருக்கு அனுப்ப வேண்டும். அவர்கள் சரி என்று சொன்ன பிறகுதான் மற்ற அளவுகள்.

அந்த நிஜக் குழந்தைதான் எங்களுக்குத் தலைவலி. கம்பெனி ஆட்களின் பிள்ளைகளைத்தான் பிடித்து வருவோம். ஒரு பையன் கிடைப்பான், ஆறு மாதத்தில் வளர்ந்துவிடுவான். இன்னொரு பெண் கிடைப்பாள், ஒரு நிமிடம் நிற்க மாட்டாள். குளிர்கால உடுப்புகளுக்குச் சித்திரை வெயிலில் சாம்பிள் தைப்போம். அந்த வெயிலில் ஃப்ளீஸை மாட்டினால் எந்தக் குழந்தையும் அழும்.

என் மகள் அழவில்லை. ஆறரை வயதில், பள்ளி விட்டதும் ஒருநாள் அவளைக் கூட்டிப்போய் நிறுத்தினேன். அப்போது கண்ணளவில் 116-க்கு ஒரு விரற்கடை குறைவு. அடுத்த சீசனில் மிகச் சரியாக இருந்தாள். அதற்கடுத்த சீசனிலும் மிகச் சரியாக இருந்தாள். நிற்கச் சொன்ன இடத்தில் அசையாமல் நிற்பாள். சித்திரையில் ஃப்ளீஸைப் போட்டால் கழற்ற மனசில்லாமல், கைகளைப் பைக்குள் விட்டுக்கொண்டு, "இதப் போட்டுட்டே ஊட்டுக்கு வரட்டுங்களாப்பா?" என்று கேட்பாள். கம்பெனியே அவளைக் கொண்டாடியது. இப்படி ஒரு பிள்ளை அமைய நாம் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று மேனேஜர் சொன்னார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

சாம்பிள் பிரிவில் தைக்கும் அக்கா ஒருவர் இருக்கிறார். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து இருபது வருடமாயிற்று. பேச்சு மட்டும் இன்னும் வந்து சேரவில்லை. என் மகள் உள்ளே நுழைந்தால் மெஷினை நிறுத்திவிடுவார்.

"வந்துட்டியா தாயீ? ஏட்டி, வளந்துராத, என்ன? நீ வளந்துட்டன்னா ஒனக்கும் வேல போயிரும், எனக்கும் வேல போயிரும்."

"வளர மாட்டேன் அத்த."

"சத்தியமா?"

"சத்தியமா."

சொல்லிவிட்டு அவர் நீட்டிய உள்ளங்கையில் அடிப்பாள். எல்லோரும் சிரிப்போம். நான்தான் அதிகம் சிரித்திருப்பேன்.

வீட்டில் என் மனைவிக்குத்தான் முதலில் உறுத்தியது. மாலையில் பக்கத்துப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறவள் அவள். நாலு குழந்தைகளைத் தினமும் பார்க்கிற கண் அவளுக்கு.

"ஏனுங்க, பாப்பா இஸ்கூல் உட்டு வந்தா சுருண்டு படுத்துக்குதுங்க. மூணு நாளைக்கு ஒருக்காத்தான் வெளிக்கிப் போகுது. மூஞ்சி வேற கொஞ்சம் ஊதுனாப்பல இருக்குது."

"அலைச்சலா இருக்கும் புள்ள. வாழப்பழம் குடு."

"குளுருதுங்குது. இந்த வெயில்ல ஆருக்குங்க குளுரும்?"

"நம்ம ஃப்ளீஸ் போட்டுப் பழகீருச்சு" என்றேன். அதையும் ஒரு பெருமையாகத்தான் சொன்னேன்.

மூன்றாவது சீசனில் மார்பளவு மட்டும் கொஞ்சம் இறுக்கியது. அது என் குறிப்பேட்டில் இன்னும் இருக்கிறது. என் கையெழுத்தில், "மார்பு இறுக்கம், துணி சுருக்கம் காரணம், துணி பின்னும் நிட்டிங்காரரிடம் சொல்ல வேண்டும்" என்று எழுதியிருக்கிறேன். குழந்தை மேல் சட்டை பொருந்தாவிட்டால் நாங்கள் சட்டையைத்தான் சந்தேகப்படுவோம். குழந்தை என்பது எங்களுக்கு அளவுகோல். அளவுகோலை யாரும் அளந்து பார்ப்பதில்லை.

பையரின் சென்னை அலுவலகத்திலிருந்து ஒரு மேடம் ஃபைல்களைச் சரிபார்க்க வந்தார். அன்று என் மகள் பள்ளியில் இருந்தாள். மேடம் மேஜை மேல் மூன்று படங்களை வரிசையாக வைத்தார்.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. மூணு சீசன் போட்டோவையும் ஒரே நாள்ல எடுத்துட்டீங்களா?"

எனக்குச் சுருக்கென்றது. "அப்பிடியெல்லாம் பண்ண மாட்டோமுங்க மேடம். துணியப் பாருங்க, தேதி பாருங்க."

"துணி வேறதான். குழந்தை ஒரே மாதிரி இருக்காளே?"

"ஆமாங்க, எங்க பாப்பாதான். அத்தன கரெக்ட்டுங்க. ரெண்டு வருசமா ஒரே சைஸ்."

சொல்லி முடித்தபோதும் எனக்கு உறைக்கவில்லை. மேடத்துக்குத்தான் உறைத்தது. பேனாவைக் கீழே வைத்தார்.

"இப்ப என்ன வயசு?"

"எட்டரைங்க."

அவர் எழுந்து நின்று தன் மார்புக்கு நேராகக் கையை வைத்துக் காட்டினார். "எம் பொண்ணுக்கும் எட்டு முடிஞ்சிருக்கு. இவ்வளவு இருக்கா. சார், நீங்க யாராவது டாக்டரப் பாருங்க." பிறகு படங்களைத் தாமே அடுக்கி ஃபைலுக்குள் வைத்துவிட்டார். சாம்பிள்களைப் பற்றி அன்று ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து மகளைச் சுவரோரம் நிறுத்தி அளந்தேன். நூற்றுப் பதினாறரை. இரண்டு வருடத்தில் இரண்டு விரற்கடைகூட இல்லை. தினமும் டேப்போடு அலைகிற நான், அவள் உயரத்தை ஒருமுறைகூட அளந்ததில்லை. சட்டையைத்தான் அளந்திருக்கிறேன். என் மனைவி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். கத்தவில்லை. "ஊராங் கொழந்தைக்குத் தைக்கற சட்டையில அரை சென்டிமீட்டரு கூடுனாக் கண்டுபுடிச்சுருவீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள். அந்த வாக்கியம் இன்னும் வீட்டுக்குள் எங்கோ நின்றுகொண்டிருக்கிறது.

கோயம்புத்தூரில் குழந்தைகளுக்கான ஹார்மோன் டாக்டரிடம் போனோம். ரத்தப் பரிசோதனை, இடது கைக்கு எக்ஸ்ரே. கழுத்தில் இருக்கும் தைராய்டு சுரப்பி ஏறத்தாழ நின்றுபோயிருந்தது. அவளுடைய உடம்பே அதைத் தாக்கியிருந்தது. தூக்கம், மலச்சிக்கல், குளிர், ஊதிய முகம், அசையாமல் நின்றது, எல்லாம் அதனால்தான். நாங்கள் கம்பெனியில் எதையெல்லாம் மெச்சினோமோ அதெல்லாம் நோய்.

டாக்டர் எக்ஸ்ரேயை விளக்கு முன்னால் மாட்டினார். சின்னக் கை. எலும்புகளின் முனையில் ஒவ்வொரு விரலிலும் கருப்பாக ஒரு கோடு.

"இது முறிஞ்ச எடம் இல்லீங்க. பயந்துக்காதீங்க. இதுதான் குருத்தெலும்பு, எக்ஸ்ரேல வுழுகாது. இந்தக் கோட்டுக்குள்ளதான் உங்க பொண்ணு வளரணும். பொண்ணுக்கு எட்டரை வயசு. எலும்புக்கு அஞ்சரைதான் ஆகுது."

"அது கெட்டதுங்களா?" என்று மனைவி கேட்டாள்.

"ஒரு வகையில நல்லதுங்க. கோடு நல்லாத் தெறந்து இருக்குது. இனி மாத்திரை குடுத்தா வளரும்."

"போனதெல்லாம் வந்துருங்களா?"

"கொஞ்சம் வரும். பூராவும் வருமான்னு கேட்டா என்னால சொல்ல முடியாது. மாத்திரை போட்டதும் உயரமும் ஏறும், எலும்பு வயசும் ஏறும். எலும்பு முந்திக்கிட்டு ஓடிருச்சுன்னா கோடு சீக்கிரம் மூடிரும். அதனால மெதுவாத்தான் போகணும். ஒரு நாளும் உடக்கூடாது."

நான் விலங்கியல் படித்தவன் என்று தெரிந்ததும் மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் படம் போட்டுக் காட்டினார். அந்தச் சீட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. கோட்டுக்குள் குருத்தெலும்புச் செல்கள் ஒன்றின்மேல் ஒன்றாகத் தூணாக அடுக்கியிருக்கும். எலும்பின் முனைப்பக்கம் இருப்பவை இளசு. அவை பிரிந்து பிரிந்து தூணை நீளமாக்கும். அடுத்த முனையில் இருப்பவை முதிரும். முதிர்வதென்றால் பல மடங்கு ஊதிப் பெருத்து, சுண்ணாம்பு ஏறி, கடைசியில் இறந்து, எலும்புக்கு இடம் விட்டுப் போவது. நாம் உயரமாவது பெரும்பாலும் அந்த ஊதலில்தான்.

எந்தச் செல் எப்போது முதிர வேண்டும் என்பதைச் செல்கள் தங்களுக்குள் பேசி முடிவு செய்கின்றன. முதிரத் தொடங்கும் செல்கள் ஒரு மூலக்கூறைப் பின்னுக்கு அனுப்பும். அது எலும்பு முனையைப் போய்ச் சேர்ந்ததும், அங்கிருந்து இன்னொரு மூலக்கூறு திரும்பி வந்து இளசுகளிடம் சொல்லும்: இன்னும் வேண்டாம், இப்போதே முதிராதே, பிரிந்துகொண்டே இரு. இந்த 'இன்னும் வேண்டாம்' இல்லாவிட்டால் எல்லாச் செல்லும் ஒரே அடியாக முதிர்ந்து, தூண் தீர்ந்துபோகும். அதை எதிர்த்து 'வா, உன் முறை வந்துவிட்டது' என்று சொல்ல ஒரு குரல் வேண்டும். கழுத்திலிருந்து ரத்தத்தில் வரும் தைராய்டு ஹார்மோன் அந்தக் குரல்களில் ஒன்று. என் மகளுக்கு அது வரவில்லை. செல்கள் வரிசை கலைந்து, ஊதாமல், இறக்காமல், காத்துக்கொண்டு நின்றன.

கல்லூரியில் தலைப்பிரட்டையைப் பற்றிப் படித்திருக்கிறேன். தைராய்டை எடுத்துவிட்டால் அது தவளையாகாது. தலைப்பிரட்டையாகவே இருக்கும். பரீட்சையில் இந்தக் கேள்விக்கு முழு மார்க் வாங்கினேன். பேருந்தில் திரும்பும்போது மகள் என் மடியில் தூங்கினாள். பல்லடம் தாண்டும்வரை எனக்கு ஒரே வார்த்தைதான் ஓடிக்கொண்டிருந்தது. வளந்துராத. வளந்துராத. அவள் உடம்புக்குள் ஏற்கெனவே ஒரு மூலக்கூறு அதைச் சொல்லிக்கொண்டிருந்தது. வெளியிலிருந்து நாங்களும் சொல்லியிருக்கிறோம், சிரித்துக்கொண்டே, சத்தியமும் வாங்கிக்கொண்டு.

கம்பெனிக்கு அவளைக் கூட்டிப்போவதை நிறுத்தினேன். காரணம் அவளிடம் சொல்லவில்லை. என்ன சொல்வதென்று தெரியவில்லை.

மாத்திரை மிகச் சின்னது. காலையில் எழுந்ததும் வெறும் வயிற்றில், தண்ணீரோடு. அதைக் கொடுக்கும் பொறுப்பை நான் எடுத்துக்கொண்டேன். "நானே போட்டுக்கறேன்ப்பா" என்று கையை நீட்டுவாள். உள்ளங்கையில் வைத்துவிட்டு, பால் பாக்கெட் எடுக்கப் போவேன். திரும்பி வரும்போது டம்ளர் காலியாக இருக்கும். காலண்டரில் அன்றைய தேதி மேல் ஒரு டிக். ஆறு வாரத்துக்கும் டிக் போட்டேன்.

ஆறு வாரம் கழித்து ரத்தம் எடுத்தபோது எண்கள் அசையவே இல்லை. டாக்டர் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மாத்திரை உடாம சாப்புடுதுங்களா?"

"ஒரு நாள் உடலீங்க. என் கையாலதான் குடுக்கறேன்."

அளவைக் கூட்டி எழுதிக் கொடுத்தார். மறுநாள் ஞாயிறு. அவளுடைய துணி அலமாரியை அடுக்கிக்கொண்டிருந்தேன். மூன்றாவது படத்திலிருக்கும் ஃப்ளீஸ் சட்டை, வேலை முடிந்ததும் அவள் கேட்டு வாங்கி வந்தது, மடித்து அடியில் இருந்தது. குழந்தைகள் உடுப்பில் எங்களுக்கு எல்லாவற்றையும்விடப் பெரிய பயம் ஊசித் துண்டு. தைக்கும்போது உடைந்த முனை எங்காவது சிக்கியிருந்தால் ஒரு குழந்தையைக் குத்தும். அதனால் எந்தச் சட்டை கைக்கு வந்தாலும் விரல்கள் தாமாகவே பைக்குள் போய் மூலை மூலையாகத் தடவும். இருபது வருடப் பழக்கம். அன்றும் போயின.

மூலையில் மணல் போல ஏதோ நெருடியது. பையை வெளியே இழுத்துக் கட்டிலில் தட்டினேன். வெள்ளை மாத்திரைகள். சில முழுசாக, சில நொறுங்கி, பஞ்சு ஒட்டி. எண்ணிப் பார்க்கத் தேவையிருக்கவில்லை.

மகள் வராந்தாவில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். கூப்பிட்டேன். கட்டிலைப் பார்த்ததும் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். கைகள் உடம்பிலிருந்து சற்று விலகியிருந்தன. நான் சொல்லிக்கொடுத்த நிற்பு.

"சாமி, என்ன கண்ணு இது?"

மாத்திரைகளையே பார்த்தாள்.

"கசக்குதா?"

"இல்ல."

"அப்பறம் ஏன்?"

"அதப் போட்டா நான் வளந்துருவேன்னு டாக்டர் சொன்னாரில்ல?"

"ஆமா, வளர்றதுக்குத்தானே."

"அப்பறம் 116-அ ஆருக்குப் போட்டுப் பாப்பீங்க?" என்று கேட்டாள். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "இப்பவே என்னைய வர வேண்டாம்னுட்டீங்க. வேற பாப்பா வந்துருச்சா? நான் அத்தைகிட்ட சத்தியம் பண்ணியிருக்கறேன்."

குழந்தைகளிடம் என்ன விளையாட்டாகச் சொன்னாலும் அவர்கள் அதை வேலையாக எடுத்துக்கொள்கிறார்கள். அவளுக்கு அது வேலை. அந்த வேலையில் நன்றாக இருப்பதென்றால் மாறாமல் இருப்பது. அவளை நான் மெச்சியது அதற்கு மட்டும்தான். வேறு எதற்காவது அவ்வளவு மெச்சியிருக்கிறேனா என்று அங்கே நின்றபடியே யோசித்தேன். நினைவுக்கு வரவில்லை.

டாக்டருக்கு போன் செய்து உள்ளதைச் சொன்னேன். "நல்லவேளைங்க, கூட்டுன டோஸ ஆரம்பிக்கல. பழைய டோஸே குடுங்க" என்றார். திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

திங்கட்கிழமை பள்ளி விட்டதும் அவளைக் கம்பெனிக்குக் கூட்டிப்போனேன். சாம்பிள் அறையில், வெள்ளைச் சுவர் முன்னால், ஒரு துணிப் பொம்மை நின்றது. 116 அளவில் செய்த உடல். தலை இல்லை. கழுத்து மொட்டையாக மூடியிருந்தது. அவளைக் கூட்டிவருவதை நான் நிறுத்திய வாரமே மேனேஜர் வரவழைத்தது.

அவள் அதை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள்.

"இதுக்குத் தலையே இல்ல."

"வேண்டாங் கண்ணு. சட்டைக்குத் தோள் போதும்."

"இது வளராதா?"

"வளராது. அதனாலதான் வாங்கியிருக்குது. இனி 116 இதுக்குத்தான்."

"அப்ப நானு?"

இதற்கு நான் ஒரு பதிலை ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். அதற்குள் மெஷினிலிருந்து அந்த அக்கா எழுந்து வந்தார். விஷயம் முழுதும் காலையிலேயே அவரிடம் சொல்லியிருந்தேன். இப்போது முட்டி போட்டு, மகளின் முகத்துக்கு நேராக வந்தார்.

"தாயீ, எனக்குப் பண்ணிக் குடுத்த சத்தியம் இருக்குல்லா? அதத் திருப்பித் தந்துரு."

"எப்பிடி அத்த?"

"கையில அடிச்சித்தான குடுத்த. அதே கையில அடிச்சித் திருப்பி வாங்கிக்கிடுதேன்."

மகள் யோசித்தாள். பிறகு அவர் உள்ளங்கையில் ஓங்கி அடித்தாள்.

"யாத்தீ, என்னா அடி! சத்தியம் வந்துட்டு. இனி நீ வளரணும், கேட்டியா? நீ மாடல் மாதிரி நின்னது போதும். இங்கன வந்து ஆடு, ஓடு, என் நூல்கண்ட எல்லாத்தையும் சிக்காக்கு. நான் ஒண்ணுஞ் சொல்ல மாட்டேன்."

மறுநாள் காலை மாத்திரையை வாயில் போட்டு, தண்ணீர் குடித்து, நாக்கை நீட்டிக் காட்டினாள். நான் கேட்கவில்லை, அவளாகவே. அன்றிலிருந்து தினமும் அப்படித்தான்.

இது நடந்து ஒரு வருடம் தாண்டிவிட்டது. முதல் மூன்று மாதத்தில் வீங்கிய முகம் வடிந்தது. பகல் தூக்கம் போயிற்று. சித்திரையில் "புழுங்குதுப்பா" என்று சட்டையைக் கழற்றி எறிந்தாள். என் மனைவி அந்தச் சட்டையை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டு அழுதாள். உயரம் நூற்று இருபத்தாறைத் தொட்டிருக்கிறது. ஆனால் எலும்பு வயதும் வேகமாக ஏறியிருக்கிறது. போன முறை எக்ஸ்ரேயில் கோடு திறந்துதான் இருந்தது. முன்னைவிட மெலிந்ததாக எனக்குத் தோன்றியது. டாக்டர் இல்லை என்றார். இழந்த இரண்டு வருட வளர்ச்சியில் எவ்வளவு திரும்பும், எவ்வளவு திரும்பாது என்று கேட்டால், அவள் வளர்ந்து முடித்த பிறகுதான் தெரியும் என்கிறார். மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் அளக்க வேண்டும் என்பது அவர் உத்தரவு. நடுவில் டேப் தானாகக் கைக்கு வந்துவிடுகிறது. பேன்ட் பைக்குள் சுருட்டிப் போட்டுக்கொள்கிறேன்.

கம்பெனியில் அந்தப் பொம்மைக்குச் சட்டை மாட்டும்போது காலரைச் சரிசெய்துவிட்டு, கை பழக்கத்தில் மேலே போகும், தலையைத் தடவ. அங்கே ஒன்றும் இருக்காது. இருபது ஆட்கள் நடமாடும் அறையில் எனக்கு மட்டும் குளிரும்.

போன வாரம் அவள் கம்பெனிக்கு வந்தாள். வீட்டிலிருந்து தேடி எடுத்து வந்த அந்த ஃப்ளீஸ் சட்டையை மாட்டிக்கொண்டு, வெள்ளைச் சுவர் முன்னால் போய் நின்று, "அப்பா, எடுங்க" என்றாள். எடுத்தேன். கைப்பட்டிக்கு வெளியே மணிக்கட்டு முழுசாகத் தெரிகிறது. அசைந்துவிட்டாள், முகம் சரியாக விழவில்லை. எங்கள் வேலையில் இதைத் தள்ளுபடி என்போம். கை நீளம் குறைவு, உடல் நீளம் குறைவு, படம் தெளிவில்லை.

அதை நான்காவதாக வைத்திருக்கிறேன். எடுத்துப் பார்க்கும்போதெல்லாம் மேலே இருப்பது அதுதான். ஆனாலும் அதை நகர்த்திவிட்டு, அடியில் இருக்கும் மூன்றையும் ஒருமுறை வரிசையாக வைத்துப் பார்த்த பிறகுதான் என்னால் ஃபைலை மூட முடிகிறது.